திரும்பி வரும் வழி

எங்கள் மாடி வீட்டு மாமி போன மாதம் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தார். ஸான் பிரான்ஸிஸ்கோவில் இருக்கும் பெண்ணுக்குப் பிரசவம். ஆறு மாதம் அங்கே இருந்து, பெண்ணுக்குப் பத்தியச் சமையல் பண்ணிப் போட்டு, பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, கடமையை முடித்துவிட்டு வந்திருக்கிறார். வந்த மறுநாளே ஒரு டப்பா சாக்லேட்டும் ஒரு சந்தேகமுமாக எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

சாக்லேட்டைக் குழந்தைகள் கவனித்துக்கொண்டார்கள். சந்தேகம் என் பங்குக்கு வந்தது.

"ஏண்டாப்பா, நீதான் பத்திரிகையிலே ஊர் உலகத்துச் சந்தேகத்துக்கெல்லாம் பதில் எழுதறயே, இதுக்குச் சொல்லு பார்ப்போம். போறச்சே டோக்கியோவிலே விமானம் மாறினேன். ஒன்பதரை மணி நேரத்திலே ஸான் பிரான்ஸிஸ்கோவிலே கொண்டு இறக்கிட்டான். வரச்சேயும் அதே கம்பெனி, அதே மாதிரி விமானம், அதே சப்பென்ற சாப்பாடு. ஆனா டோக்கியோ வந்து சேரப் பதினோரு மணி நேரம்! ஒன்றரை மணி எங்கே போச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியே பதிலும் சொல்லிவிட்டார்.

"எனக்கென்னமோ, பெண்ணையும் குழந்தையையும் விட்டுட்டு வரோமேங்கற பாரம்தான் விமானத்தைப் பின்னாலே இழுத்ததுன்னு தோணித்து."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் புடவைத் தலைப்பு தானாகக் கண்ணுக்குப் போயிற்று.

மாமி சொன்ன காரணத்தை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டது காற்று. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே, விமானம் பறக்கிற உயரத்தில், மேற்கேயிருந்து கிழக்காக ஒரு காற்று ஆற்று வெள்ளம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. போகும்போது அது மாமியின் விமானத்தை முதுகில் தள்ளிற்று. வரும்போது முகத்தில் மோதிற்று. அவ்வளவுதான்.

"அது ஏன் எப்போ பார்த்தாலும் ஒரே பக்கமா அடிக்கணும்?" என்று கேட்டார் மாமி.

நியாயமான கேள்வி. நேயர்களே, இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால், இதே பஸிபிக் சமுத்திரத்தில் ஒரு காலத்தில் ஒன்றரை மணி நேரமல்ல, 43 வருஷங்கள் வீணாயின. எத்தனையோ உயிர்களும் போயின. அந்தக் கதையை முதலில் கேளுங்கள். பிறகு நேரே சமையலறைக்குப் போகலாம். விடை அங்கேதான் இருக்கிறது.

★

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் ஒரு மூலையில் கேட்பாரில்லாமல் கிடக்கிறதே கிராம்பு, அதற்காக ஐரோப்பிய ராஜாக்கள் கப்பல் கப்பலாகப் பணத்தைக் கொட்டிய காலம் அது. கிராம்பு விளையும் மொலுக்காஸ் தீவுகளுக்கு மேற்கு நோக்கியே போய்ச் சேர வேண்டும் என்று, மெகல்லன் என்ற போர்த்துகீசிய மாலுமி, ஸ்பெயின் ராஜாவின் செலவில் 1519-ஆம் வருஷம் செப்டம்பரில் ஐந்து கப்பல்களுடன் புறப்பட்டார்.

தென் அமெரிக்காவின் தென்கோடியைக் கடந்து, 1520 நவம்பர் கடைசியில் அவர் புதிய சமுத்திரத்தில் நுழைந்தபோது கப்பல்கள் மூன்றாகிவிட்டன. ஆனால் சமுத்திரம் சாதுவாக இருந்தது. 'பஸிபிக்' என்று, அதாவது சாந்தமானது என்று, பெயர் வைத்தார். வடக்கே கொஞ்ச தூரம் ஏறியதும் ஒரு காற்று வந்து பாயைப் பிடித்துக்கொண்டது. இரவு பகல் கிடையாது; கிழக்கேயிருந்து மேற்காக ஒரே சீராகத் தள்ளிற்று. மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே போனார்கள். சாப்பாடுதான் தீர்ந்துவிட்டது. புழுத்த ரொட்டித் தூளைத் தின்றார்கள். எலியை விலை கொடுத்து வாங்கித் தின்றார்கள். பாய்மரக் கழியில் சுற்றியிருந்த தோலை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, சுட்டுத் தின்றார்கள். பலர் இறந்தார்கள். ஆனால் காற்று மட்டும் அவர்களைக் கைவிடவில்லை. 1521 மார்ச் 6-ஆம் தேதி குவாம் தீவில் கரையேறினார்கள்.

அடுத்த மாதமே பிலிப்பைன்ஸில் நடந்த ஒரு சண்டையில் மெகல்லன் கொல்லப்பட்டார். மிச்சமிருந்த இரண்டு கப்பல்கள் கிராம்புத் தீவை அடைந்து மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டன. ஒரு கப்பல் மேற்கேயே தொடர்ந்து போய், ஆப்பிரிக்காவைச் சுற்றி, 1522 செப்டம்பரில் 18 பேருடன் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகத்தை முதன் முதல் சுற்றி வந்த 'விக்டோரியா' அதுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள்.

இன்னொரு கப்பலைப் பற்றி நாம் அதிகம் படிப்பதில்லை. அதன் பெயர் 'டிரினிடாட்'. ஓட்டையாகிப் போன அந்தக் கப்பலைப் பழுது பார்த்துக்கொண்டு, "வந்த சமுத்திரத்தின் வழியாகவே பனாமாவுக்குத் திரும்பிவிடலாம்" என்று 1522 ஏப்ரலில் கிழக்கே கிளம்பினார்கள். வரும்போது முதுகைத் தள்ளிய அதே காற்று இப்போது முகத்தில் அறைந்தது. ஓர் அடி முன்னேறினால் இரண்டு அடி பின்னுக்குத் தள்ளிற்று. விலகிப் பார்ப்போம் என்று வடக்கே வடக்கே ஏறினார்கள். குளிர், பசி, வியாதி. அப்புறம் பெரிய புயல். முப்பது பேருக்கு மேல் இறந்துபோய், மிச்சப் பேர் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து போர்த்துகீசியர்களிடம் சிறைப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு ஸாவெத்ரா என்பவர் மெக்ஸிகோவிலிருந்து சுகமாக வந்து சேர்ந்தார். திரும்புவதற்கு 1528-இல் ஒரு முறை, 1529-இல் ஒரு முறை முயன்றார். இரண்டாம் முறை நடுக்கடலிலேயே இறந்தார். 1542-இல் புறப்பட்டு வந்த வில்லலோபோஸின் ஆட்கள் 1543-இலும் 1545-இலும் முயன்று தோற்றார்கள். ஆக ஐந்து முயற்சிகள், ஐந்தும் தோல்வி. அந்தக் காலத்துச் சில புக்ககங்கள் மாதிரி, போவதற்கு மேளதாளத்துடன் வழி இருந்தது. திரும்புவதற்கு வழி இல்லை!

★

இது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் சமையலறைக்குப் போக வேண்டும்.

ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டு, அடுப்பை ஏற்றுங்கள். அடுப்புக்கு ஓர் அடி தள்ளி ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி வையுங்கள். புகை நேரே மேலே போகாமல் அடுப்புப் பக்கமாகச் சாயும். அடுப்புக்கு மேலே இருக்கிற காற்று சூடேறி, இலேசாகி, மேலே போகிறது. காலியான இடத்துக்குப் பக்கத்துக் காற்று ஓடி வருகிறது. உலகத்தில் அடிக்கிற காற்றுக்கெல்லாம் மூலம் இதுதான். எங்கேயோ ஓர் அடுப்பு எரிகிறது.

பூமிக்கு அடுப்பு, பூமத்திய ரேகைப் பிரதேசம். சூரியன் எல்லோருக்கும் பொதுதானே, அங்கே மட்டும் ஏன் அதிக உஷ்ணம் என்று கேட்பீர்கள். தோசைக் கல்லைப் பாருங்கள். ஒரே கரண்டி மாவுதான். குவித்து ஊற்றினால் கனமான ஊத்தப்பம். அதையே கல் முழுவதும் இழுத்துத் தேய்த்தால் காகிதம் போன்ற தோசை. சூரியனும் எல்லா இடத்துக்கும் ஒரே அளவுக் கரண்டியால்தான் ஊற்றுகிறது. பூமத்திய ரேகைப் பக்கம் கதிர் நேராக விழுவதால் ஊத்தப்பம். துருவத்துப் பக்கம் பூமி வளைந்திருப்பதால் கதிர் சாய்வாக விழுந்து, அதே உஷ்ணம் பெரிய இடத்தில் பரவிவிடுகிறது. அங்கே மெல்லிய தோசைதான்.

பூமத்திய ரேகை அருகே சூடான காற்று சுமார் 15 கிலோ மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. அதற்கு மேல் போக முடியாமல் வடக்கேயும் தெற்கேயும் பிரிந்து போகிறது. போகப் போகக் குளிர்ந்து, இரண்டு பக்கமும் சுமார் 30 டிகிரியில் கீழே இறங்குகிறது. இறங்கிய காற்றில் பெரும் பகுதி தரையோடு தரையாகப் பழையபடி பூமத்திய ரேகைக்கே ஓடி வருகிறது. சாம்பார் கொதிக்கும்போது பருப்பு நடுவில் மேலே வந்து, ஓரத்தில் இறங்கி, மறுபடி நடுவுக்கு வருகிறதே, அதே ஆட்டம்தான். ஏறும்போதே ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிடுவதால், இறங்குகிற காற்று வறண்டு கிடக்கிறது. ஸஹாராவும் அரேபியாவும் ஆஸ்திரேலியாவின் பாலைவனங்களும் ஏறக்குறைய அந்த 30 டிகிரியை ஒட்டியே இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இதுவரை சரி. ஆனால் இந்தக் கணக்குப்படி, வட பாதியில் காற்று நேர் வடக்கேயிருந்து தெற்காக வர வேண்டும். தென் பாதியில் தெற்கேயிருந்து வடக்காக வர வேண்டும். மெகல்லனைத் தள்ளிய காற்று கிழக்கேயிருந்து அல்லவா வந்தது? அதைத் திருப்பி விட்டது யார்?

1686-இல் எட்மண்ட் ஹாலி என்ற வானசாஸ்திரி (வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவரேதான்) ஒரு யோசனை சொன்னார். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. அதைப் பின்தொடர்ந்து காற்றும் போகிறது என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் சரியில்லை. சரியான இடத்தில் விரலை வைத்தவர் லண்டனில் இருந்த ஒரு வக்கீல். ஜார்ஜ் ஹாட்லி என்று பெயர். காற்றைத் திருப்புவது சூரியன் அல்ல, சுழலுகிற பூமிதான் என்று 1735-இல் ஒரு சின்னக் கட்டுரையில் வாதாடினார்.

அவருடைய வாதத்தை நம் பாஷையில் சொல்கிறேன். நீங்கள் இந்தப் பக்கத்தை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறீர்கள். அதுதான் இல்லை! சென்னைவாசியாக இருந்தால், நாற்காலியும் நீங்களும் காப்பி டம்ளருமாக மணிக்குச் சுமார் 1,630 கிலோ மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள். பூமத்திய ரேகையில் இருப்பவர்களுக்கு வேகம் இன்னும் அதிகம், சுமார் 1,670. முப்பது டிகிரியில் சுமார் 1,450. அறுபது டிகிரியில் 835 தான். துருவத்தில் நிற்பவர் நின்ற இடத்திலேயே சுற்றுவார். பெண் குழந்தைகள் கை கோத்து வரிசையாக நின்று சுற்றி விளையாடும்போது, உள்ளே இருக்கிறவள் மெள்ள அடி வைக்கிறாள், கடைசியில் இருக்கிறவள் பாவாடை பறக்க ஓடுகிறாள் அல்லவா? அப்படித்தான்.

இப்போது 30 டிகிரியிலிருந்து ஒரு காற்று பூமத்திய ரேகைக்குக் கிளம்புகிறது. அதனிடம் இருப்பது 30 டிகிரியின் வேகம். வந்து சேருகிற இடமோ அதைவிட வேகமாகக் கிழக்கே ஓடுகிறது. காற்று பின்தங்கிவிடுகிறது. ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வெளியே இலை அசையாத நாளில்கூட முன்னாலிருந்து காற்று முகத்தில் அடிக்கிறதே! பூமி என்ற பஸ் கிழக்கே ஓடுகிறது. ஆகவே பின்தங்கிய காற்று கிழக்கேயிருந்து அடிப்பதாகத் தெரிகிறது. தெற்கு நோக்கி வருவதும் கிழக்கேயிருந்து அடிப்பதும் சேர்ந்து, வட பாதியில் வடகிழக்குக் காற்று. தென் பாதியில் தென்கிழக்குக் காற்று.

வித்தியாசம் மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல் ஆயிற்றே, அவ்வளவு வேகத்தில் அடித்தால் வீட்டுக் கூரை தங்குமா என்று கணக்கில் கெட்டிக்காரிகள் கேட்கலாம். வழி நெடுகத் தரையும் அலையும் உராய்ந்து உராய்ந்து அந்த வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. கடைசியில் மிஞ்சுவது சாதாரணமாக மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோ மீட்டர். கப்பலுக்கு அது போதும். இதைத்தான் நம் பழைய பூகோளப் புத்தகங்களில் 'வியாபாரக் காற்று' என்று போட்டிருந்தார்கள். உண்மையில் அதற்கும் வியாபாரத்துக்கும் முதலில் சம்பந்தம் இல்லை. 'டிரேட்' என்ற சொல்லுக்கு அந்த நாளைய இங்கிலீஷில் தடம், பாதை என்று பொருள். ஒரே தடத்தில் அடிக்கிற காற்று. பிற்பாடு 'தடக்காற்று' என்று மாற்றியவர்கள் நல்ல காரியம் செய்தார்கள்.

சரி, துருவத்தின் பக்கமாகப் போகிற காற்று என்ன ஆகும்? அதனிடம் வேகம் அதிகம். போகிற இடத்தில் பூமியின் வேகம் குறைவு. ஆகவே அது பூமியை முந்திக்கொண்டு கிழக்கே ஓடும். அதாவது மேற்கேயிருந்து அடிக்கும். சுமார் 35 டிகிரிக்கு மேல் 60 டிகிரி வரையில் இந்த மேற்குக் காற்றின் ராஜ்யம்தான். தரைக்கு அருகில் உராய்வினால் அடங்கி நடக்கும் இது, பத்துக் கிலோ மீட்டர் உயரத்தில், தடுப்பாரில்லாமல், சில சமயம் மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேலேயே ஓடுகிறது. மாமியின் விமானத்தைத் தள்ளியதும் தடுத்ததும் இதுவே.

ஹாட்லியின் கணக்கில் சிறு பிழை இருந்தது. வடக்கு தெற்காகப் போகிற காற்று மட்டும்தான் திரும்பும் என்று அவர் எண்ணினார். எந்தத் திசையில் போனாலும் திரும்பும் என்று, 1856-இல் வில்லியம் ஃபெரல் என்ற அமெரிக்கப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதினார். எங்கே எழுதினார் தெரியுமா? ஒரு வைத்தியப் பத்திரிகையில்! குடை ராட்டினத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்த இரண்டு குழந்தைகள் பந்து போட்டு விளையாடினால், நேரே எறிந்த பந்து வளைந்து போவதாக அவர்களுக்குத் தோன்றும். பூமி என்ற ராட்டினத்தில் வட பாதியில் காற்று வலப் பக்கம் வளைகிறது. தென் பாதியில் இடப் பக்கம். இந்தத் திருப்பத்துக்குக் கோரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் நிலைத்துவிட்டது. 1835-இல் சுழலும் யந்திரங்களைப் பற்றி அவர் எழுதினார். காற்றைப் பற்றி அல்ல. புகழ் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று யார் சொல்ல முடியும்?

ஒரு விஷயம். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குவதும் பூமி சுழல்வதால்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவ்வளவு சின்ன இடத்தில் இந்த விசை எடுபடாது. அது தொட்டியின் அமைப்பையும் நீங்கள் கை எடுத்த விதத்தையும் பொறுத்தது.

★

இனிக் கப்பலுக்குத் திரும்புவோம்.

உர்தானேதா என்று ஒருவர். இளம் பிள்ளையாக 1525-இல் ஸ்பெயினிலிருந்து கிராம்புத் தீவுகளுக்குக் கப்பலேறி, அங்கேயே வருஷக் கணக்கில் சிக்கிக்கொண்டு, உலகைச் சுற்றி 1536-இல் ஊர் திரும்பியவர். திரும்ப வழியில்லாமல் தவிப்பது என்றால் என்ன என்று அனுபவித்துத் தெரிந்தவர். பிற்பாடு மெக்ஸிகோவில் துறவியாகி மடத்தில் சேர்ந்துவிட்டார். ஆனால் ஸ்பெயின் ராஜா விடவில்லை. "நீங்கள்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்" என்று 1559-இல் கடிதம் எழுதி வரவழைத்தார். 1564 நவம்பரில் லெகாஸ்பி என்பவரின் தலைமையில் கிளம்பிய கப்பல்களில், சந்நியாசியும் ஏறினார். தடக்காற்று வழக்கம் போலத் தள்ளிக்கொண்டு போய்ப் பிலிப்பைன்ஸில் சேர்த்தது.

1565 ஜூன் 1-ஆம் தேதி ஸெபு தீவிலிருந்து 'ஸான் பெட்ரோ' என்ற கப்பல் திரும்பும் பயணத்தைத் தொடங்கிற்று. தலைவன் லெகாஸ்பியின் பேரன். இருபது வயது ஆகாத பையன். வழி சொன்னவர் கிழவர் உர்தானேதா. அவர் கிழக்கே போக முயலவே இல்லை. எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜூன் மாதத்துத் தென்காற்றைப் பிடித்து வடக்கே, வடக்கே, ஏறக்குறைய 40 டிகிரி வரைக்கும் போனார். அங்கே எதிர்பார்த்தபடி மேற்குக் காற்று காத்திருந்தது! அதன் முதுகில் ஏறிக் கிழக்கே வந்தார்கள். செப்டம்பர் 18-இல் கலிபோர்னியாக் கரை தெரிந்தது. கரையோரமாகவே இறங்கி, அக்டோபர் 8-இல் மெக்ஸிகோவின் அகபுல்கோ துறைமுகத்தில் நுழைந்தார்கள். வழியில் 16 பேர் இறந்திருந்தார்கள். மிச்சப் பேரில் நங்கூரம் இறக்கக்கூடத் தெம்பு உள்ளவர்கள் இல்லை என்று சொல்வார்கள். ஆனால் வழி திறந்துவிட்டது. கூட்டத்திலிருந்து பிரிந்து போன ஒரு சின்னக் கப்பல் இரண்டு மாதம் முன்னதாகவே இப்படி வடக்கே சுற்றி வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வழியைக் குறித்து, பின்னால் வருகிறவர்களுக்குப் படம் போட்டுக் கொடுத்தவர் உர்தானேதாதான்.

அட்லாண்டிக் சமுத்திரத்தில் கொலம்பஸ் 1492-இல் தெற்கே இறங்கி மேற்கே போய், மறு வருஷம் வடக்கே ஏறித் திரும்பினார். அங்கே அப்படியானால் இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதே மாலுமிகளின் ஊகமாக இருந்திருக்கும். காரணம் யாருக்கும் தெரியாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது, தானும் சுழல்கிறது என்று கோபர்நிகஸின் புத்தகம் வெளிவந்து 22 வருஷமே ஆகியிருந்தது. உலகத்தில் பெரும்பாலோர் பூமி அசையாமல் நிற்கிறது என்றே நம்பினார்கள். ஹாட்லி வக்கீல் வந்து வாதாட இன்னும் 170 வருஷம் இருந்தது. நிற்பதாக நினைத்த பூமியின் சுழற்சியே அவர்களைப் பத்திரமாக ஊர் கொண்டு சேர்த்தது.

அன்றிலிருந்து 1815 வரையில், 250 வருஷம், மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே இதே வளையத்தில் கப்பல்கள் போய் வந்தன. போகும்போது மெக்ஸிகோ வெள்ளி; திரும்பும்போது சீனத்துப் பட்டு, பீங்கான், நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. மேற்கே போக மூன்று மாதம். கிழக்கே வர நாலு முதல் ஆறு மாதம். மாமிக்கு ஆன அதிகப்படி நேரத்துக்கும் இதற்கும் காரணம் ஒன்றேதான், திசைதான் மாறிவிட்டது. கப்பல் கீழே தடக்காற்றில் சுகமாக மேற்கே போயிற்று. விமானம் வடக்கே, உயரே, மேற்குக் காற்றில் சுகமாகக் கிழக்கே போகிறது. இன்றைக்கும் மேற்கே வரும் விமானிகள் அந்தக் காற்றாற்றின் நடு வெள்ளத்தை விட்டு விலகித்தான் வழி போடுகிறார்கள்.

★

நம் கடலில் இந்தச் சிக்கல் இல்லை. நமக்கு வடக்கே பெரிய நிலப்பரப்பு இருப்பதால் காற்று வேறு விதமாக நடந்துகொள்கிறது. கோடையில் நிலம் இரும்புக் கல் மாதிரி சீக்கிரம் காய்ந்துவிடுகிறது; அடுப்பே வடக்கே நகர்ந்துவிடுகிறது. தென் பாதியின் தடக்காற்று பூமத்திய ரேகையைத் தாண்டி வந்து, வலப் பக்கம் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்று ஆகிறது. மாரிக்காலத்தில் நிலம் குளிர்ந்ததும் வடகிழக்குக் காற்று திரும்புகிறது. ஐப்பசியில் துணி காயவில்லையே என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அந்த மழையைக் கொண்டு வரும் காற்று, மெகல்லன் கப்பலைத் தள்ளிய காற்றுக்கு உடன்பிறப்புத்தான்.

ஆகவே பஸிபிக்கில் திரும்பும் வழி வேறு இடத்தில் இருந்தது. நம் கடலில் அது வேறு மாதத்தில் இருந்தது. முசிறிக்கு மிளகு வாங்க வந்த கிரேக்க வணிகர்கள் தென்மேற்குக் காற்றில் வந்து, வடகிழக்குக் காற்றில் திரும்பினார்கள். நாலு திசைக் காற்றுக்கும் தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று தனித்தனிப் பெயர் வைத்த நம்மவர்களுக்கும் இது தெரிந்த சங்கதி. பொறுத்திருந்தால் காற்றே வீட்டில் கொண்டு விடும்.

எல்லோரையும் அல்ல.

மாமியிடம் நான் இதையும் சொன்னேன். 1620-ஆம் வருஷ வாக்கில் அந்த மணிலாக் கப்பல் ஒன்றில் ஓர் இந்தியப் பெண் அகபுல்கோவில் வந்து இறங்கினாள். அவள் வரலாற்றை எழுதி வைத்த பாதிரிமார்கள் சொல்படி, மொகலாய ராஜ்யத்தில் பிறந்தவள். சிறுமியாக இருக்கும்போது போர்த்துகீசியக் கடற்கொள்ளைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கொச்சியில் ஞானஸ்நானம் செய்து 'காதரீனா' என்று பெயர் வைத்தார்கள். மணிலாவில் அடிமையாக விற்றார்கள். அங்கிருந்து உர்தானேதாவின் வழியில் மெக்ஸிகோ. பியூப்லா என்ற ஊரில் வேலைக்காரியாக இருந்து, பிறகு விடுதலை பெற்று, ஊரார் மகாத்மா என்று கொண்டாடும்படி வாழ்ந்து, 1688 ஜனவரியில், எண்பது வயதுக்கு மேல், அங்கேயே இறந்தாள்.

"திரும்பி வரவே இல்லையா?" என்றார் மாமி.

"இல்லை மாமி."

"வருஷா வருஷம் அங்கேயிருந்து கப்பல் இந்தப் பக்கம் வந்துண்டுதானே இருந்தது?"

"வந்துகொண்டுதான் இருந்தது. திரும்புகிற வழிதான் சுலபமான வழி. முதுகிலே காற்று, மூன்றே மாதம்."

மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"காத்து மட்டும் இருந்து என்ன பண்றது? அவளைக் கூட்டிண்டு வர மனுஷா இல்லையே!" என்றார். வாசற்படி வரை போனவர், திரும்பிப் பார்த்தார்.

"ஒன்றரை மணிதானே? எடுத்துண்டு போகட்டும். அடுத்த வருஷம் அவா எல்லோரும் இங்கே வரப் போறா. குழந்தை என் மடிக்கு வந்து சேர்ந்தாச் சரி."

சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். மணி மூன்றிருக்கும். கடற்காற்று வரத் தொடங்கியிருந்தது.